ஜார் இவான் அலெக்சாந்தரின் நற்செய்தி நூல்

லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் 39627 என்னும் எண்ணின் கீழ்ப் பேணப்படும் தோலேட்டுச் சுவடி, 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பல்கேரியப் பேரரசின் தலைநகராக இருந்த தர்னோவோவில், அந்நாட்டு அரசர் இவான் அலெக்சாந்தரின் ஆணைப்படி எழுதப்பட்டது. ஏறத்தாழ 33 செ.மீ. உயரமும் 24 செ.மீ. அகலமும் கொண்ட 286 ஏடுகளில் மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் ஆகிய நால்வரின் நற்செய்திகளும் பழைய ஸ்லாவிய மொழியில் முழுமையாக எழுதப்பட்டிருக்க, வரிகளுக்கு இடையே 360-க்கும் மேற்பட்ட சிற்றோவியங்கள் பொன்னும் வண்ணமுமாகத் தீட்டப்பட்டுள்ளன. இடைக்காலப் பல்கேரியக் கலையின் உச்சம் என்று கலை வரலாற்று நூல்கள் இதைப் போற்றுவதற்கு இந்த ஓவியங்களே காரணம். ஆனால் இதை ஓவியத் தொகுப்பாக மட்டும் பார்ப்பவர், அரசர் ஒருவர் பெரும்பொருள் செலவிட்டு இப்படியொரு நூலை ஏன் எழுதுவித்தார் என்பதைப் புரிந்துகொள்ள முடியாது. வழிபாட்டில் இத்தகைய நூலுக்கு இருந்த இடத்தை அறிந்த பிறகே அந்த ஓவியங்களும் தம் முழுப் பொருளைத் தரும்.

கிழக்கத்திய மரபுவழித் திருச்சபையில், அதாவது கான்ஸ்டான்டிநோபிளைத் தலைமையிடமாகக் கொண்டு கிரேக்கர்களிடமும் ஸ்லாவிய மக்களிடமும் வேரூன்றிய கிறிஸ்தவப் பிரிவில், நற்செய்தி நூல் மற்ற நூல்களோடு அலமாரியில் வைக்கப்படுவதில்லை. கருவறைக்குள் உள்ள பலிபீடத்தின் மேலேயே அது எப்போதும் இருக்கும். திருப்பலி வழிபாட்டின் முற்பகுதியில் மெழுகுவர்த்திகள் முன்செல்ல அதை உயர்த்திப் பிடித்துப் பவனியாகக் கொண்டுவருவார்கள். ஞாயிறு காலை வழிபாட்டில் மக்கள் வரிசையாக வந்து அதை முத்தமிடுவார்கள். ஆயர் ஒருவரைத் திருநிலைப்படுத்தும்போது திறந்த நற்செய்தி நூலை அவர் தலைமீது வைப்பார்கள். கிறிஸ்துவே அங்கு வந்து நிற்பதாக நம்பப்பட்டதால், அந்த நூலை அழகுபடுத்துவது இறைவனுக்குச் செய்யும் அலங்காரமாகவே கருதப்பட்டது. பொன்முலாம் பூசிய மேலட்டைகள், மணிகள், விலையுயர்ந்த துணி உறைகள் எல்லாம் இந்த நம்பிக்கையிலிருந்து பிறந்தவை.

வாசிப்புக்கும் ஒரு கண்டிப்பான ஒழுங்கு உண்டு. ஆண்டின் வாசிப்புச் சுற்று ஈஸ்டர் எனப்படும் உயிர்ப்புப் பெருவிழாவில், யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரத்தோடு தொடங்குகிறது. அதிலிருந்து ஐம்பதாம் நாளில் வரும் பெந்தெகொஸ்தே வரை யோவானும், அதன்பின் மத்தேயுவும், இலையுதிர் காலத்தில் லூக்காவும், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தின் சனி ஞாயிறுகளில் பெரும்பாலும் மாற்குவும் வாசிக்கப்படுகின்றன. கிறிஸ்துவின் பாடுகளை நினைவுகூரும் புனித வாரத்து வியாழன் மாலையில் நான்கு நற்செய்திகளிலிருந்தும் எடுத்த 12 பகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வாசிக்கப்படும். இந்த ஒழுங்குக்கு ஏற்ப இரண்டு வகை நூல்கள் உருவாயின. வாசிக்க வேண்டிய பகுதிகளை நாள் வரிசைப்படி வெட்டி அடுக்கிய நூலுக்கு ஸ்லாவியர்கள் அப்ரகோஸ் என்று பெயரிட்டனர். ஈஸ்டர் நாளின் பகுதி முதலில் வருவதால் அந்நூல் யோவானில்தான் தொடங்கும். நான்கு நற்செய்திகளையும் அவற்றின் இயல்பான வரிசையிலேயே முழுமையாகத் தரும் நூல் மற்றொரு வகை. அதில் ஒவ்வொரு நாளின் வாசகம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ஓரத்தில் குறியிட்டு, எந்த நாளுக்கு எந்தப் பகுதி என்னும் அட்டவணையையும் சேர்ப்பது வழக்கம். 11ஆம் நூற்றாண்டுக்கு முன்பின்னான பல்கேரிய நிலப்பகுதியின் பழைய சுவடிகளில் அப்ரகோஸ் வகையும் காணப்படுகிறது. வாத்திக்கன் நூலகத்தில் உள்ள அசெமானி நற்செய்தி அவற்றுள் புகழ்பெற்றது. 14ஆம் நூற்றாண்டுக்குள் முழு நற்செய்தி நூலே பெருவழக்காகிவிட்டது. இவான் அலெக்சாந்தரின் சுவடி இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

இந்த நூலின் மொழிக்கு அப்போதே 500 ஆண்டு வரலாறு இருந்தது. 9ஆம் நூற்றாண்டில் சிரில், மெத்தோடியஸ் என்னும் சகோதரர்கள் ஸ்லாவியர்களுக்கென எழுத்தமைத்து, மறைநூல்களைக் கிரேக்கத்திலிருந்து மொழிபெயர்க்கத் தொடங்கினர். மெத்தோடியஸ் 885இல் இறந்தபின் அவருடைய மாணவர்கள் தாங்கள் பணியாற்றிவந்த மொராவியாவிலிருந்து துரத்தப்பட்டனர். அவர்களை வரவேற்று இடமளித்தவர் பல்கேரிய அரசர் முதலாம் போரிஸ். அந்த மாணவர்களுள் ஒருவரான கிளெமென்ட் ஓஹ்ரித் பகுதியில் எண்ணற்ற குருக்களைப் பயிற்றுவித்தார். தலைநகர் ப்ரெஸ்லாவில் கிரேக்க எழுத்தைத் தழுவிய புதிய எழுத்துமுறை உருப்பெற்று, சிரிலிக் என்னும் பெயரில் இன்று ரஷ்யா வரை வழங்குகிறது. அண்டை வல்லரசான பைசாந்தியத்தின் கிரேக்க மொழியிலேயே வழிபடும் நிலைக்குப் பல்கேரியா சென்றிருக்க எல்லாச் சூழலும் இருந்தது. அப்படி நேராமல் மக்களின் மொழியிலேயே இறைவனை அழைக்க வழி செய்தது போரிஸின் அந்த ஒரு முடிவு. பின்னாளில் நாடு 11ஆம் நூற்றாண்டில் பைசாந்தியத்தின் கீழ் வந்து, 1185இல் தொடங்கிய எழுச்சியால் மீண்டு, தர்னோவோவைத் தலைநகராகக் கொண்டு இரண்டாம் பேரரசாக எழுந்தபோது, அதற்கு அடையாளமாக நின்றது இந்த வழிபாட்டு மொழிதான்.

யாந்த்ரா ஆறு வளைந்து வளைந்து சூழ்ந்தோடும் குன்றுகளின் மேல் தர்னோவோ அமைந்திருந்தது. சாரெவெத்ஸ் என்னும் குன்றில் அரண்மனையும் திருச்சபைத் தலைவரான முதுபெரும் தந்தையின் இருக்கையும் அருகருகே இருந்தன. 1331இல் அரியணை ஏறி 1371இல் இறக்கும் வரை ஆண்ட இவான் அலெக்சாந்தர், போர்க்களத்தைவிட எழுத்துக்கூடங்களுக்குச் செய்த ஆதரவால் நினைக்கப்படுபவர். 1337இல் அவருக்காக எழுதப்பட்ட திருப்பாடல் நூல் இன்று சோஃபியாவில் உள்ளது. உலக வரலாற்றைச் செய்யுளில் கூறிய பைசாந்தியப் புலவர் மனாசெஸின் நூல் 1340களில் ஸ்லாவிய மொழியில் ஓவியங்களோடு அவருக்கென எழுதப்பட்டு, இன்று வாத்திக்கனில் இருக்கிறது. நற்செய்திச் சுவடியோ இவை அனைத்தையும் விஞ்சியது.

நூலின் முடிவில் எழுதியவர் சேர்த்துள்ள குறிப்பு, அதாவது எப்போது, யாருக்காக, யாரால் எழுதப்பட்டது என்பதைச் சொல்லும் பகுதி, 6864ஆம் ஆண்டைக் குறிப்பிடுகிறது. உலகப் படைப்பிலிருந்து ஆண்டுகளை எண்ணும் பைசாந்திய முறையில் புத்தாண்டு செப்டம்பர் முதல் நாளில் பிறப்பதால், அது இன்றைய கணக்கில் 1355 செப்டம்பர் முதல் 1356 ஆகஸ்ட் வரையிலான காலம். எழுதியவர் சிமெயோன் என்னும் துறவி; தம்மை அரசரின் அடிமை என்று பணிவோடு கூறிக்கொள்கிறார். கான்ஸ்டன்டைன் பேரரசரும் அவர் தாய் ஹெலனாவும் மண்ணில் புதைந்து கிடந்த திருச்சிலுவையைத் தேடிக் கண்டதுபோல, இருளில் வைக்கப்பட்ட விளக்காகக் கிடந்த இந்நூலை இவான் அலெக்சாந்தர் தேடிக் கண்டார் என்று குறிப்பு புகழ்கிறது. வண்ணம், பொன், மணி ஆகிய புறவழகு உள்ளிருக்கும் இறைவாக்கை வெளிப்படுத்துவதற்கே என்றும், அரசாட்சி உறுதிப்படுவதற்காக இந்நூல் செய்யப்பட்டது என்றும் அது விளக்குகிறது. பக்தியும் அரசியலும் ஒரே மூச்சில் சொல்லப்படுவதைக் கண்டு இன்றைய வாசகர் ஐயுறத் தேவையில்லை. இறைவனின் அருளால் ஆள்பவரே அரசர் என்று நம்பிய ஒரு சமூகத்தில், வழிபாட்டு நூலை அளிப்பதும் நாட்டைக் காப்பதும் ஒரே கடமையின் இரு பக்கங்களாகவே இருந்தன.

அந்த உறுதி அப்போது மிகவும் தேவைப்பட்டது. 1348இல் ஐரோப்பாவைத் தாக்கிய கொள்ளைநோயின் வடு ஆறாத காலம் அது. 1354இல் நிலநடுக்கம் கல்லிப்போலியின் மதில்களைச் சாய்த்தபோது ஒட்டோமான் துருக்கியர் அந்நகரைக் கைப்பற்றி, ஐரோப்பிய மண்ணில் நிலையாகக் காலூன்றியிருந்தனர். பால்கன் பகுதியின் வலிமைமிக்க அரசராயிருந்த செர்பியாவின் ஸ்டெஃபான் துஷான் 1355 டிசம்பரில் இறந்ததும் அவர் பேரரசு சிதறத் தொடங்கியது. சிமெயோன் தோலேட்டில் வரி வரியாக எழுதிக்கொண்டிருந்த காலத்தை ஒட்டி நிகழ்ந்தவை இவை.

சுவடியின் தொடக்கத்தில் எதிரெதிராக அமைந்த இரண்டு பக்கங்களில் அரச குடும்பம் முழு உருவில் நிற்கிறது. வலப்பக்கத்தில் இவான் அலெக்சாந்தர், பைசாந்தியப் பேரரசரைப் போன்றே மணிகள் பதித்த நீண்ட பட்டை உடலைச் சுற்றி வர, முடியணிந்து நிற்கிறார். அருகே அரசி தியோதோரா. இவர் சாரா என்னும் பெயருடைய யூதப் பெண்ணாகப் பிறந்து கிறிஸ்தவராகி அரசரை மணந்தவர். இவரை மணப்பதற்காக அரசர், வலாக்கிய நாட்டு இளவரசியான முதல் மனைவியைத் துறவுமடத்துக்கு அனுப்பியிருந்தார். தியோதோராவின் மகன்களான இவான் ஷிஷ்மானும் இவான் அசெனும் பெற்றோருடன் காட்டப்பட்டுள்ளனர். அரசருக்குரிய உடையும் முடியும் அணிந்த சிறுவன் ஷிஷ்மானே அடுத்த அரசர் என்று படம் சொல்லாமல் சொல்கிறது. இடப்பக்கத்தில் மகள்கள் கேரா தமரா, கெராட்சா, தெசிஸ்லாவா ஆகியோரும், தமராவின் கணவர் கான்ஸ்டன்டைனும் நிற்கின்றனர். முதல் மனைவியின் மகன் இவான் ஸ்த்ராத்சிமிர் படத்தில் எங்கும் இல்லை. வழிபாட்டு நூலின் முகப்பில் அவருக்கு இடம் இல்லாமற்போனது, இறைவன் முன்னிலையில் வாரிசுரிமையைத் தீர்த்து எழுதிய செயலாகும். நாட்டைப் பின்னர் இரண்டுபடுத்திய பிளவு இந்த வெற்றிடத்தில் முன்னதாகவே தெரிகிறது.

படத்தில் உள்ளோரின் பிற்கால வாழ்வை அறிந்தவர் இந்தப் பக்கங்களை எளிதில் கடந்துபோக முடியாது. சிறுமி கெராட்சாவுக்கும் பைசாந்திய இளவரசர் ஆந்த்ரோனிக்கோசுக்கும் 1355இல் மணவொப்பந்தம் செய்யப்பட்டது. அவர் பின்னாளில் கான்ஸ்டான்டிநோபிளின் பேரரசியானார். கணவரை இழந்த தமரா, நாட்டின் அமைதிக்கு விலையாக ஒட்டோமான் சுல்தான் முதலாம் முராத்துக்கு மணமுடிக்கப்பட்டு அந்தப்புரம் சென்றார். 1371இல் தந்தை இறந்தபின் ஷிஷ்மான் தர்னோவோவையும், ஸ்த்ராத்சிமிர் டான்யூப் கரையிலுள்ள விதினையும் தனித்தனியே ஆண்டனர். இருவருள் ஒருவராலும் துருக்கியரைத் தடுக்க முடியவில்லை.

அரசரின் உருவம் முகப்போடு நின்றுவிடவில்லை. ஒவ்வொரு நற்செய்தியின் முடிவிலும் அதை எழுதிய நற்செய்தியாளரும் இவான் அலெக்சாந்தரும் நேர்நேர் நிற்கும் படம் ஒன்று உள்ளது. இந்த அமைப்பின் மூலத்தைத் தேடிய ஆய்வாளர்கள், பாரிஸ் தேசிய நூலகத்தில் கிரேக்கம் 74 என்னும் எண்ணுடைய 11ஆம் நூற்றாண்டுச் சுவடியைச் சென்றடைந்தனர். கான்ஸ்டான்டிநோபிளின் ஸ்டூடியோஸ் மடத்தோடு தொடர்புடைய அந்த நற்செய்தி நூலில் ஓவியங்களின் தேர்வும் இடமும் பல்கேரியச் சுவடியோடு பக்கத்துக்குப் பக்கம் ஒத்துப்போகின்றன. ஆகவே தர்னோவோ ஓவியர்கள் அதையோ அதன் நெருங்கிய படியையோ முன்னால் வைத்துக்கொண்டு வேலை செய்தார்கள் என்பது தெளிவு. கிரேக்கச் சுவடியில் நற்செய்தியாளருக்கு எதிரே நிற்பவர் ஒரு மடத்தின் தலைவர். அந்த இடத்தில் தர்னோவோ ஓவியர்கள் தம் அரசரை நிறுத்தினார்கள். மடத்துக்குள் வாழ்ந்த ஒரு நூல் நாட்டுக்குரிய நூலாக மாறிய வரலாறு முழுவதும் இந்த ஒரு மாற்றத்தில் அடங்கியிருக்கிறது.

ஓவியங்களின் அமைப்பு முறையே வாசிப்பைச் சார்ந்தது. தனிப் பக்கம் பிடித்துச் சட்டமிட்ட பெரிய படங்கள் மிகக் குறைவு. பெரும்பாலானவை எழுத்துவரிகள் நடுவே, பக்கத்தின் அகலத்துக்குக் கிடைமட்டமாக ஓடும் குறுகிய பட்டைகளாக, சட்டமும் பின்னணியும் இன்றி வெறும் தோலின் மீதே தீட்டப்பட்டுள்ளன. கிறிஸ்து குருடரைத் தொடுகிறார் என்னும் வரி முடிந்ததும் அதற்குக் கீழே அவர் தொடுகிறார். அடுத்த நிகழ்ச்சி அதே பட்டையில் வலப்புறம் தொடர்கிறது. மூலப்படியில் உருவங்கள் மெலிந்து நுட்பமாக இருக்க, தர்னோவோவில் வண்ணங்கள் அடர்ந்து, உருவங்கள் கனத்து, பொன் கூடுதலாக மின்னுகிறது. இதைத் திறமைக் குறைவு என்று சிலர் மதிப்பிட்டது நியாயமன்று. நூலை மெழுகுவர்த்தி ஒளியில் திறப்பவர்கள் காண வேண்டிய படங்கள் இவை. அந்த ஒளிக்கு அடர்ந்த வண்ணமே ஏற்றது. ஓவியர்கள் எவரும் தம் பெயரை எழுதி வைக்கவில்லை.

இவ்வளவு பெரிய சுவடிக்குத் தேவைப்பட்ட உழைப்பையும் எண்ணிப்பார்க்க வேண்டும். விலங்குத் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிர் நீக்கி, சட்டத்தில் இழுத்துக் கட்டி, இருபுறமும் சுரண்டித் தேய்த்து உலர்த்திய பிறகே ஒரு தாள் கிடைக்கும். 286 ஏடுகளுக்கு ஒரு பெரிய மந்தையே தேவைப்பட்டது. கூர்முனையால் கண்ணுக்கு எளிதில் தெரியாத கோடுகளை இட்டு, எழுத வேண்டிய இடத்தையும் ஓவியத்துக்கு விட வேண்டிய இடத்தையும் முன்கூட்டியே கணக்கிட்ட பின்னர்தான் எழுதுபவர் இறகுப் பேனாவைத் தொடுவார். முன்னூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் அந்தக் கணக்கைச் சரியாக வைத்த சிமெயோனின் கட்டுப்பாடு வியப்புக்குரியது.

இத்தகைய அரச நூல்களுக்கு நேர்மாறானவை சிற்றூர்க் கோயில்களின் சுவடிகள். 1960இல் கசன்லக் அருகே எனினா என்னும் ஊரின் பழைய தேவாலயத்தைச் செப்பனிட்டபோது, மறைந்து கிடந்த 39 சிதைந்த தோலேடுகள் வெளிப்பட்டன. அப்போஸ்தலர்களின் செயல்களிலிருந்தும் கடிதங்களிலிருந்தும் வழிபாட்டில் வாசிக்கும் பகுதிகளைக் கொண்ட அச்சுவடி 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கைபட்டுத் தேய்ந்து சிதைந்த அந்த ஏடுகளும் லண்டனில் மின்னும் ஏடுகளும் ஒரே வழிபாட்டுக்காக, ஒரே மரபின் மொழியில் எழுதப்பட்டவை என்பதை மறந்துவிட்டால் இரண்டையுமே பாதிதான் அறிந்தவர்கள் ஆவோம்.

மூன்று மாத முற்றுகைக்குப் பின் 1393 ஜூலை 17 அன்று தர்னோவோ வீழ்ந்தது. முதுபெரும் தந்தை எவ்திமி நாடு கடத்தப்பட்டார். 1395இல் ஷிஷ்மான் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டில் விதினும் போயிற்று. கற்றறிந்த பல்கேரியர்கள் பலர் டான்யூபைக் கடந்தும் செர்பியாவுக்கும் ரஷ்யாவுக்கும் சென்றும் தம் எழுத்து மரபை அங்கெல்லாம் பரப்பினர். நற்செய்திச் சுவடியும் வடக்கே சென்றது. அலெக்சாந்தர் என்னும் மொல்டாவிய ஆட்சியாளர் அதை விலைகொடுத்து மீட்டதாக ஏட்டிலேயே ஒரு குறிப்பு உள்ளது. அப்பெயரில் ஒருவருக்கு மேற்பட்டோர் ஆண்டிருப்பதால், அவர் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட நல்லவர் அலெக்சாந்தரா அவருக்குப் பின்வந்த ஒருவரா என்று அறிஞர்கள் விவாதிக்கின்றனர். எவராயினும், நூலைப் புதையலாகப் பூட்டி வைக்காத ஒரு நாட்டை அது சென்றடைந்தது. மொல்டாவிய மக்கள் பேசியது ருமேனிய மொழி என்றாலும், அவர்களுடைய தேவாலயங்களில் அன்று ஒலித்தது ஸ்லாவிய மொழியே. ஆகவே அங்குள்ள எழுத்தரும் ஓவியரும் தர்னோவோ சுவடியை முன்மாதிரியாக வைத்துப் புதிய நற்செய்தி நூல்களைச் செய்தனர். சுச்சேவிட்சா மடாலயத்துச் சுவடிகளும், இன்று மாஸ்கோவில் உள்ள எலிசவெத்கிராத் நற்செய்தியும் அந்த வழியில் பிறந்தவை. அரசு அழிந்து 200 ஆண்டுகளுக்குப் பின்னும் அதன் நற்செய்தி நூல் வேறொரு நாட்டில் வழிபாட்டுக்கான நூல்களை ஈன்றுகொண்டிருந்தது.

பின்னர் எப்படியோ அது கிரேக்க நாட்டின் ஆதோஸ் மலையை, துறவியர் மட்டுமே வாழும் அந்தத் தீபகற்பத்தில் புனித பவுல் மடத்தை, அடைந்தது. 1837இல் அங்கே சென்ற ஆங்கிலேயர் ராபர்ட் கர்சன் (பிற்காலத்தில் இந்தியாவின் வைஸ்ராயாக இருந்த கர்சன் பிரபு வேறொருவர்) பழஞ்சுவடிகளைத் தேடி மடம் மடமாகப் பயணம் செய்தவர். விடைபெறும் நேரத்தில் மடத்தலைவர் நினைவுப்பொருளாக ஏதேனும் தரட்டுமா என்று கேட்க, தாம் பழைய நூல் ஒன்றை வேண்டியதாகவும், பழைய நூல்கள் தங்களுக்குப் பயன்படுவதில்லை என்று கூறி அவர் மனமுவந்து கொடுத்ததாகவும் கர்சன் 1849இல் வெளியிட்ட பயண நூலில் எழுதியுள்ளார். கிரேக்க மொழியில் வழிபட்ட துறவியருக்கு ஸ்லாவிய நூல் வாசிக்கப் பயன்படவில்லை என்பது உண்மையே. எனினும் பல்கேரியர்கள் ஒட்டோமான் ஆட்சியின் கீழ் இருந்து, தம் நூல்கள் எங்கே கிடக்கின்றன என்று கேட்கவும் இயலாத காலத்தில் இந்தக் கைமாற்றம் நிகழ்ந்தது என்பதையும் சேர்த்தே கூற வேண்டும்.

கர்சனின் குடும்பத்திடமிருந்த சுவடி, அவருடைய மகள் தாரியாவின் உயில்படி 1917இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு வந்து, 1973இல் பிரிட்டிஷ் நூலகம் தனி நிறுவனமானபோது அதன் உடைமையாயிற்று. பல்கேரியத் தொல்லியலாளர் பொக்தான் ஃபிலோவ் 1934இல் இதன் ஓவியங்கள் அனைத்தையும் சோஃபியாவில் ஆய்வோடு வெளியிட்டபோதுதான் இந்த நூல் பல்கேரியக் கல்வியுலகின் கைக்கு எட்டியது; பாரிஸ் சுவடியின் படங்கள் 1908இலேயே அச்சாகியிருந்ததால் இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிடவும் முடிந்தது. அதன்பின் 1980இல் பல்கேரியாவின் பண்பாட்டுத் துறைத் தலைவராக இருந்த லியுத்மிலா ழிவ்கோவாவும், 1994இல் பிரிட்டிஷ் நூலகத்துக்காக எகத்தெரினா திமித்ரோவாவும் இந்தச் சுவடியைப் பற்றி நூல்கள் வெளியிட்டனர். இவான் அலெக்சாந்தரும் அவர் குடும்பத்தாரும் நிற்கும் அந்த இரட்டைப் பக்கத்தை இன்று பல்கேரிய மாணவர்கள் அறிவது இத்தகைய பதிப்புகளின் வழியேதான்.